‘ஏ வகுப்பு’ என்று போட்டிருந்தால் நம்பலாமா? குழாயி, அளவி, கனமானக் குடுவையை நாமே சோதிப்பது

டீச்சர் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருக்கோவில் ஊர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்று. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து மேசைகளில், ஒரே போத்தலிலிருந்து சோடியம் ஐதரொட்சைட்டைக் குழாயியால் (பிப்பெற்று) எடுத்து, ஒரே ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமித்திருக்கிறார்கள், அதாவது அந்தக் காரத்தை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளவியால் (பியுரெற்று) விட்டு அளந்திருக்கிறார்கள். முதலாம், இரண்டாம், நான்காம் மேசைகளில் விடை 24.60 மி.லீ, ஒரு துளி கூடக்குறைய. மூன்றாம் மேசையில் மூன்று முறையும் 24.45. ஐந்தாம் மேசையில் 24.30, 24.80, 24.55 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல். எல்லாக் கருவியிலும் ‘ஏ’ என்ற எழுத்து இருக்கிறது, கூடிய துல்லியமுள்ள வகுப்பு என்பதற்கான குறி அது. பிள்ளைகளின் கையில் பிழையா, கண்ணாடியில் பிழையா என்பது கேள்வி. கூடவே, அலுமாரியின் அடித்தட்டில் ‘சி.சி.’ என்று பொறித்த பழைய கருவிகள் ஒரு பெட்டி கிடக்கிறதாம், அவற்றை எறிந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டீச்சர், மூன்றாம் மேசைக்கும் ஐந்தாம் மேசைக்கும் வந்திருப்பது வேறு வேறு நோய். மூன்று முறையும் ஒரே விடை வந்து, அந்த விடை மற்றவர்களோடு ஒட்டவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளின் கை நல்ல கை. அவர்கள் பிடித்த கண்ணாடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விடை மாறினால் அழுக்கு, நுனி உடைவு, ஒழுக்கு, கைப்பழக்கம் இவற்றில் ஏதோ ஒன்று. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வழிக்கு வரும். மட்டக்களப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வுகூடங்களில் கருவி கழுவி, நிறுத்து, எண் போட்டு வைத்தவன் நான். சரியாக நியமித்த பிள்ளையைப் பார்த்து ‘நீ பிழையாகச் செய்தாய்’ என்று சொல்லிவிடுவதைப் போல எனக்கு மனம் நோகிற காரியம் வேறில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடியில் எழுதியிருப்பதை வடிவாக வாசியுங்கள். ஒழுங்கான கருவி ஒன்றில் செய்தவர் பெயர், கனவளவு, ‘இன்’ அல்லது ‘எக்ஸ்’ என்ற குறி, வெப்பநிலை, வகுப்பு, அனுமதிக்கப்பட்ட வழு (பிழை) ஆகியன இருக்கும். பெரும்பாலும் நியமத்தின் (தர விதியின்) இலக்கமும் இருக்கும்: ஒற்றைக்கோட்டுக் குழாயிக்கு ஐஎஸ்ஓ 648, அளவிக்கு 385, கனமானக் குடுவைக்கு (கழுத்துக் கோடுவரை நிரப்பிக் கரைசலைக் குறித்த கனவளவுக்கு ஆக்கும் குடுவை) 1042. ‘இன்’ என்றால் கோடுவரை நிரப்பினால் அந்தக் கனவளவு உள்ளே இருக்கிறது என்று பொருள். குடுவைகள் இந்த வகை. ‘எக்ஸ்’ என்றால் வெளியே விடும்போது அந்தக் கனவளவு வெளியே வருகிறது. குழாயியும் அளவியும் இந்த வகை. சுவரில் ஒட்டி நிற்கும் ஈரமும் குழாயியின் நுனியில் தங்கும் கடைசித் துளியும் ஏற்கெனவே கணக்கில் கழிக்கப்பட்டவை. அதனால்தான் அந்தத் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அளவுகோடிட்ட குழாயிகளில் சிலவற்றின் மேல்நுனியில் இரண்டு வளையம் இருக்கும், அவற்றை மட்டும் ஊத வேண்டும். ஒரு மேசையில் ஊதுகிற பிள்ளையும் ஊதாத பிள்ளையும் இருந்தால் விடை சிதறாமல் என்ன செய்யும்?

‘எக்ஸ் + 5 செக்கன்’ என்று சில குழாயிகளில் இருக்கும். வகுப்பு ‘ஏஎஸ்’ என்றிருக்கும். நீர் வடிந்து முடிந்த பிறகும் நுனியைச் சுவரில் தொட்டபடி ஐந்து செக்கன் பொறுக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த ஐந்து செக்கனை நம் பிள்ளைகள் யாரும் பொறுப்பதில்லை.

ஏ வகுப்புக்கும் பி வகுப்புக்கும் வித்தியாசம், சொல்லப்போனால், இரண்டு மடங்கு. 25 மி.லீ குழாயிக்கு ஏ என்றால் ±0.03 மி.லீ, பி என்றால் ±0.06. 10 மி.லீ குழாயிக்கு 0.02, 0.04. 250 மி.லீ குடுவைக்கு 0.15, 0.30. ஒரு லீற்றர்க் குடுவைக்கு 0.40, 0.80. 0.1 மி.லீ பிரிவுள்ள 50 மி.லீ அளவிக்கு 0.05, 0.10. பாடசாலை நியமிப்புக்கு உண்மையான பி வகுப்பே தாராளமாகப் போதும். நமக்கு வினை வருவது பி வகுப்பால் வருவதில்லை, ஏ என்று அச்சடித்து விற்கப்படும் எதற்கும் உதவாத கண்ணாடியால் வருகிறது. அந்த ஒரு எழுத்தை அச்சடிக்க மை போதும். அந்த எழுத்துக்குத் தகுதியான கருவியைச் செய்யத்தான் பாடுபட வேண்டும். ஆகவே அந்தப் பாடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

குழாயியின் கோட்டைப் பாருங்கள். ஏ வகுப்பில் கோடு முழு வளையமாகச் சுற்றிவரும், மயிர் போல மெல்லியதாக இருக்கும். குழாயியைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் முன்கோடும் பின்கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாக வேண்டும். அப்படி விழுந்தால்தான் கண் சரியான மட்டத்தில் இருக்கிறது, கண் மேலோ கீழோ இருப்பதால் வரும் இடமாறு தோற்ற வழு இல்லை. கோடு சாய்ந்திருந்தால் எந்த மட்டத்திலும் அவை ஒன்றாகா. அந்தக் கருவியை நிறுக்கவே தேவையில்லை, அப்புறம் வைத்துவிடுங்கள். அளவியில் மி.லீ கோடுகள் கிட்டத்தட்ட முழுச் சுற்று வரும். எல்லாக் கோடும் முன்பக்கத்தில் மட்டும் குட்டையாக நின்றால் அதை ஏ என்று நம்பக் கடினம். பின்புறம் வெள்ளைப் பட்டையும் நடுவே நீலக்கோடும் உள்ள ஷெல்பாக் அளவிகளில் பிறையுரு (நீரின் வளைந்த மேற்பரப்பு) இருக்கும் இடத்தில் நீலக்கோடு இரண்டு கூராகப் பிரிந்து ஒன்றையொன்று தொடும். அந்தத் தொடும் இடத்தைத்தான் வாசிக்க வேண்டும். அது பிள்ளைகளின் கண்ணுக்கு மிகவும் இலகு.

குடுவையை மட்டமான மேசையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கழுத்து நேராக நிற்கிறதா, கோடு மேசைக்குச் சமாந்தரமாக ஓடுகிறதா, அடி ஆடாமல் நிற்கிறதா? உள்விட்டம் 14 மி.மீ உள்ள கழுத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரம் என்பது 0.15 மி.லீ. 250 மி.லீ ஏ வகுப்புக் குடுவைக்கு அனுமதிக்கப்பட்ட வழு முழுவதும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. கோடு ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால் கோட்டின் மேல்விளிம்பா கீழ்விளிம்பா என்ற கேள்வியே குடுவையைக் கெடுத்துவிடும்.

பிறகு நுனி. ஒரு கைவில்லையால் ஒவ்வொரு குழாயியின் நுனியையும் அளவியின் நுனியையும் பாருங்கள். நெருப்பில் காட்டி மழுங்கிய, வட்டமான, சேதமில்லாத நுனி வேண்டும். நான் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில், நுனி உடைந்த குழாயி ஒன்றை யாரோ நல்லெண்ணத்தோடு அரத்தாள் போட்டுத் தேய்த்து வட்டமாக்கி வைத்திருந்தார்கள். பார்வைக்குப் புதிது போல. ஆனால் துவாரம் பெருத்துவிட்டதால் மற்றக் குழாயிகளில் ஓடும் நேரத்தில் பாதியிலேயே நீர் ஓடி முடிந்தது. வேகமாக ஓடினால் சுவரில் தடித்த ஈரப்படலம் தங்கிவிடும், வெளியே வருவது குறையும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவாகக் குறையும். அந்தக் குழாயியால் எத்தனை பிள்ளைகள் எத்தனை வருஷம் அளந்தார்களோ தெரியாது. ஆகவே ஐந்து குழாயிகளையும் வரிசையாக நிரப்பி ஓடும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அவசரப்பட்டால் நுனியிலும், ஒன்று மட்டும் இழுத்தால் அடைப்பிலும் காரணம் இருக்கும்.

கண்ணாடி எந்த இனம் என்று அறிய ஒரு வழி சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் செய்து காட்டுங்கள், கண் விரியப் பார்ப்பார்கள். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து நல்லெண்ணெயிலோ கிளிசரினிலோ போடுங்கள். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற எண்) ஏறக்குறைய 1.47, நல்லெண்ணெயினதும் கிட்டத்தட்ட அதுவே. துண்டு கண்ணை விட்டு மறைந்துவிடும், விளிம்பு மட்டும் நிழல் போலத் தெரியும். சாதாரண சோடாக் கண்ணாடி 1.52, அது அப்படியே தெரிந்துகொண்டு கிடக்கும். தேங்காயெண்ணெயில் இது அவ்வளவு தெளிவாக வராது. உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்தால் சோடாக் கண்ணாடி பச்சை காட்டும், அது இன்னொரு அடையாளம். சோடாக் கண்ணாடியில் நல்ல அளவுக் கருவி செய்ய முடியாது என்றில்லை, குழாயிகள் பல அதில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் அது சூட்டுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் விரியும், காரம் பட்டால் அதிகம் அரிபடும். குடுவை வாங்கும்போது போரோசிலிக்கேற்று என்று கேட்டு வாங்குங்கள்.

இனிச் சுத்தம். இதைச் செய்யாமல் நிறுக்கப் போகாதீர்கள். நீர் நிரப்பி வடியவிட்டால் சுவர் முழுவதும் ஒரே படலமாக நனைந்து வடிய வேண்டும். எங்காவது முத்து முத்தாகத் துளி ஒட்டி நின்றால் அங்கே எண்ணெய்ப்பசை. 25 மி.லீ குழாயியில் அப்படி ஒரு துளி நின்றுவிட்டால் 0.05 மி.லீ போய்விட்டது, ஏ வகுப்பின் எல்லையைத் தாண்டியாயிற்று. சவர்க்காரத் தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, குழாய்நீரால் பலமுறை அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசினால் பெரும்பாலும் சரி வரும். பரமங்கனேற்றின் கபிலக் கறைக்கு அமிலம் சேர்த்த ஒட்சாலிக் அமிலக் கரைசல் விட்டால் கண்முன்னே கரைந்துபோகும். எங்கள் காலத்தில் இருகுரோமேற்றைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்து அதில் ஊறவைப்போம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆறுவலுக் குரோமியம் புற்றுநோய் தருவது, பிள்ளைகள் நடமாடும் அறையில் அதற்கு இடமில்லை. அதைக் கழுவி ஊற்றும் நீர் கடைசியில் வாவிக்கும் கடலுக்கும்தான் போகிறது.

இப்போது நிறுப்போம். தண்ணீரின் அடர்த்தி நன்றாகத் தெரிந்த ஒன்று, ஆகவே வெளியே வந்த நீரை நிறுத்தால் கனவளவு தெரிந்துவிடும். நீரை முதல்நாளே அறையில் திறந்துவைத்து அறையின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள். கச்சான் காற்று வீசுகிற நாளில் திறந்த யன்னலருகே தராசு ஒருபோதும் ஓரிடத்தில் நிற்காது. தராசைத் தெரிந்த படிக்கல் ஒன்றால் சரிபாருங்கள். மூடியுள்ள சிறு குடுவை ஒன்றை நிறுத்து, குழாயியால் நீரை விட்டு, உடனே மூடி, மீண்டும் நிறுங்கள். நீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். இப்படி ஐந்து முறை.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. 25 மி.லீ நீர் 25 கிராம் இருக்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். நம் ஊர்ச் சூட்டில் அப்படி இராது. நீர் சூட்டில் விரிந்திருக்கிறது, காற்று அதைச் சற்று மேலே தாங்குகிறது, கண்ணாடியும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே பெருக்கெண்ணாக வைத்துக்கொள்ளலாம். 20 பாகைக்கு அளவிடப்பட்ட போரோசிலிக்கேற்றுக் கருவிக்கு, நீர் 28 பாகை செல்சியஸ் என்றால் 1.0047, 29 என்றால் 1.0050, 30 என்றால் 1.0053. கிராமில் வந்த எடையை இதனால் பெருக்கினால் 20 பாகையில் அந்தக் கருவியின் கனவளவு மி.லீயில் வரும். நல்ல குழாயி ஒன்றை ‘24.86 கிராம்தான் வருகிறது, 0.14 குறைகிறது’ என்று கணக்கிலிருந்து நீக்கிக் குப்பைக்குப் போட இருந்தவரின் கையிலிருந்து நான் வாங்கியிருக்கிறேன். 29 பாகையில் அதற்கு வந்த ஐந்து எடைகள்: 24.86, 24.87, 24.85, 24.87, 24.86. சராசரி 24.862. அதை 1.0050 ஆல் பெருக்கினால் 24.986 மி.லீ. குறைவு 0.014 மட்டும். அதுதான் அந்த ஆய்வுகூடத்திலேயே சிறந்த குழாயியாக இருந்தது.

அதற்கு எதிர்மாறாக, புதிதாக வந்திறங்கிய பெட்டி ஒன்றில் இருந்த குழாயி. பளபளவென்ற நீல எழுத்தில் ஏ, ±0.03 எல்லாம் இருந்தது. அதே 29 பாகையில் 24.70, 24.71, 24.69, 24.70, 24.71. பெருக்கினால் 24.83 மி.லீ. ஐந்து எடைகளும் இரண்டு சென்ரிகிராமுக்குள் நிற்கின்றன, கையில் குறையில்லை. ஆனால் எல்லாமே 0.17 குறைவு. அனுமதித்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல். கோட்டைத் தவறான இடத்தில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் குழாயியால் எடுத்த காரத்தை நியமித்தால் 24.60 வரவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 24.45 வரும். உங்கள் மூன்றாம் மேசையின் விடை அதுதானே, டீச்சர்?

எடைகள் 24.91, 24.74, 24.86, 24.69, 24.82 என்று சிதறினால் சராசரி எடுத்து மனத்தைத் தேற்றாதீர்கள். முதலில் மறுபடி கழுவுங்கள், நுனியைப் பாருங்கள், வேறொருவர் கையால் செய்விக்கப் பாருங்கள். வேறு கையிலும் சிதறினால் கண்ணாடியில் குறை.

பாடசாலைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்று தயங்க வேண்டாம். நான்கு முறை ஒரே குடுவைக்குள் விட்டு மொத்தத்தை நிறுத்து நாலால் பிரித்தால் அந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் கையில் இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு மட்டும் நல்ல குடிநீர் போதும், வித்தியாசம் மிகச் சிறிது. கரையோரத்து உவர்க் கிணற்று நீரை மட்டும் எடுக்காதீர்கள், உப்பு அடர்த்தியைக் கூட்டிவிடும்.

தராசே இல்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். 250 மி.லீ குடுவை ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். 25 மி.லீ குழாயியால் பத்து முறை நீர் விடுங்கள், கழுத்தில் துளி ஒட்டாமல் கவனமாக. பத்தாவது முறை முடிந்ததும் பிறையுரு கோட்டில் வந்து உட்கார வேண்டும். இரண்டும் ஏ வகுப்பின் எல்லைக்குள் இருந்தால் அதிகம் போனால் மூன்று மில்லிமீற்றர் மேலோ கீழோ நிற்கும். மேலே சொன்ன 24.83 குழாயியால் நிரப்பினால் 1.7 மி.லீ குறையும், கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழே நிற்கும். பின்வாங்கிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கும் தெரியும். ஒரே குடுவையை வைத்து ஐந்து குழாயிகளையும் இப்படிப் பார்த்தால் எது தனித்து நிற்கிறது என்பது தானாக வெளிப்படும். குடுவையிலேயே பிழை இருந்தால் ஐந்தும் ஒரே பக்கம் விலகும். நியமக் கரைசலைக் குடுவையில் ஆக்கி அதில் பத்திலொரு பங்கைக் குழாயியால் எடுக்கும் வேலைக்கு இந்த விகிதம் சரியாக இருந்தாலே போதும். ஒத்துப்போகும் குடுவையையும் குழாயியையும் சோடியாக வைத்து இரண்டுக்கும் ஒரே எண் போடுங்கள். எண் போட நகப்பூச்சு போதும். குழாயியின் மேல்தண்டில், கோட்டுக்கு மேலே போடுங்கள்.

அளவியில் ஒரு சிக்கல் உண்டு. 50 மி.லீயையும் மொத்தமாக ஓடவிட்டு நிறுத்துச் சரி என்று சொல்லிவிட முடியாது. உள்விட்டம் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருந்தால் நடுவில் பிழை ஏறி, கடைசியில் வந்து சமப்பட்டுவிடும். நம் பிள்ளைகளின் நியமிப்பு பெரும்பாலும் 20க்கும் 25க்கும் இடையில்தான் முடிகிறது, அங்கேதான் அளவி உண்மை பேச வேண்டும். ஆகவே பூச்சியத்திலிருந்து 5 வரை, பூச்சியத்திலிருந்து 10 வரை, 15 வரை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுங்கள். ஒவ்வொரு முறையும் பூச்சியத்துக்கு நிரப்பி, நுனியில் காற்றுக்குமிழி இல்லை என்று பார்த்து, தொங்கும் துளியைச் சுவரில் தொட்டு எடுத்து. நான் நிறுத்த அளவி ஒன்று 50 இல் 0.02 தான் விலகியது, 20 இல் 0.12 விலகி நின்றது. அதை எறியவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் திருத்தம் எழுதிய சிறு அட்டை ஒன்றைத் தாங்கியில் கட்டிவைத்தேன், பிள்ளைகள் அதைக் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.

ஒழுக்கையும் பாருங்கள். அளவியைப் பூச்சியத்துக்கு நிரப்பி, அடியிலுள்ள திருகை மூடி, இருபது நிமிடம் விட்டுவிட்டு வந்து வாசியுங்கள். பிளாஸ்ரிக் திருகு என்றால் சுரையைச் சற்று இறுக்கினால் நிற்கும், அதற்குக் கிறீஸ் பூசக் கூடாது. கண்ணாடித் திருகுக்குத் துவாரத்தை விட்டு இரு ஓரத்திலும் மிக மெல்லியதாகப் பூச வேண்டும். காரத்தை அளவியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் கண்ணாடித் திருகு இறுகிப்போகும், பிறகு சுடுநீரும் பொறுமையும்தான் மருந்து, சில வேளை அதுவும் பலிக்காது. வேலை முடிந்ததும் கழுவி, திருகைத் திறந்தபடி, தலைகீழாகத் தாங்கியில் மாட்டிவையுங்கள். திருக்கோவிலில் கடல் காற்று கவ்விகளை அரித்து, துருத்தூளை அளவிக்குள் கொட்டும், ஆகவே வாயை ஒரு தாளால் மூடிவையுங்கள்.

கருவியில் சிலவேளை 20 பாகை, சிலவேளை 27 பாகை என்றிருக்கும். வெப்ப நாடுகளுக்கு 27 ஐ வைத்துக்கொள்ள நியமம் இடம் தருகிறது, இந்தியாவில் செய்து வரும் கருவிகளில் அதை அடிக்கடி காணலாம். குழப்பம் வேண்டாம். 20க்கும் 27க்கும் இடையே போரோசிலிக்கேற்றுக் குழாயி ஒன்று விரிவது 25 மி.லீக்கு 0.002 மி.லீ தான். சூட்டில் உண்மையில் விரிவது கரைசல். மார்கழி மழையில் 25 பாகையில் ஆக்கிய நியமக் கரைசலை வைகாசி வெயிலில் 32 பாகையில் எடுத்தால் அது ஆயிரத்தில் இரண்டு பங்கு விரிந்திருக்கும். 0.1000 என்று எழுதி ஒட்டிய போத்தலில் இருப்பது 0.0998. எந்த வெப்பநிலையில் ஆக்கியது என்பதையும் போத்தலில் எழுதுங்கள். ஆறாத சூட்டுக் கரைசலைக் குடுவையில் கோடுவரை நிரப்புவது இதைவிடப் பெரிய பிழை. குடுவையை வெயிலிலோ அடுப்பிலோ காயவைக்கவும் வேண்டாம், நீர்க்கரைசல் ஆக்க அது உலர்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

பழைய பெட்டிக்கு வருவோம். ‘சி.சி.’ என்பது கனசென்ரிமீற்றர். 1901 தொடக்கம் 1964 வரை லீற்றர் என்பது ஒரு கிலோகிராம் நீரின் கனவளவாக வரையறுக்கப்பட்டிருந்தது, அது ஆயிரம் கனசென்ரிமீற்றரைவிடப் பத்து இலட்சத்தில் 28 பங்கு கூட. அதனால் அக்காலத்தில் சி.சி.யையும் மி.லீயையும் பிரித்து எழுதினார்கள். 25 மி.லீக்கு அந்த வேறுபாடு ஒரு மி.லீயில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குறிக்காக எறியாதீர்கள். உள்சுவர் வெள்ளை படர்ந்து மங்கியிருந்தால், நுனி உடைந்திருந்தால் ஒதுக்குங்கள். மற்றவற்றைக் கழுவி நிறுங்கள். இன்று வரும் புதுப்பெட்டியைவிட நேர்மையான கருவிகள் அதற்குள் இருக்க நிறையச் சாத்தியம் உண்டு.

அளவுச்சாடி, முகவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 மி.லீ அளவுச்சாடி ஏ வகுப்பானாலும் ±0.5 மி.லீ. முகவையின் கோடுகள் ஒரு மதிப்பீடு மட்டும், நூற்றுக்கு ஐந்து பிழைத்தாலும் அது அதன் குற்றமில்லை.

புதிதாக வாங்கும்போது சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். ஒரு தொகுதி முழுவதற்கும் பொதுவாகக் கொடுப்பது ஒரு வகை, அந்த ஒரு கருவியையே அளந்து எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. தாளில் உள்ள இலக்கம் கண்ணாடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தத் தாள் அந்தக் கண்ணாடிக்குரியதல்ல. குடிநீரையோ உணவையோ சோதித்து அறிக்கை கொடுக்கும் ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொன்றாக அளந்த சான்றிதழ் வேண்டும். பாடசாலைக்கு நீங்கள் நிறுத்து எழுதும் கொப்பி போதும். வாங்கும்போது ஒன்றிரண்டை முதலில் எடுத்து நிறுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கேளுங்கள். நிறுத்த கணக்கைத் தாளில் காட்டினால் நியாயமான கடைக்காரர் மாற்றித் தருவார்.

இனி உங்கள் ஆய்வுகூடத்துக்கு. நாளைக்கே மூன்றாம் மேசைக் குழாயியை முதலாம் மேசைக்குக் கொடுத்து, முதலாம் மேசையினதை மூன்றாம் மேசைக்குக் கொடுத்து ஒரு நியமிப்புச் செய்யச் சொல்லுங்கள். 24.45 என்ற விடை குழாயியோடு சேர்ந்து நடந்து முதலாம் மேசைக்குப் போனால் வேறு யோசனை வேண்டாம், அதை நிறுத்துத் திருத்தம் எழுதுங்கள், அல்லது விலக்கிவிடுங்கள். மூன்றாம் மேசையிலேயே அது தங்கிவிட்டால் அவர்களின் அளவியை 20க்கும் 25க்கும் இடையில் நிறுத்துப் பாருங்கள். ஐந்தாம் மேசையில் முதலில் அளவியின் ஒழுக்கையும் நுனிக்குமிழியையும் பாருங்கள், பிறகு குழாயியைக் கழுவுங்கள், பிறகு அந்தப் பிள்ளை குழாயியை எப்படிப் பிடிக்கிறான், ஊதுகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்றாம் மேசைப் பிள்ளைகளின் கொப்பியில் பிழை என்று சிவப்பு மையால் போட்டிருந்தால், அதை வெட்டிவிட்டுச் சரி போட்டுக் கொடுங்கள் டீச்சர்.